வைரம் பார்க்கும் வெளிச்சம்



நம் குடும்பங்களில் வைரம் வாங்குவது அடிக்கடி நடக்கும் காரியமன்று. மகள் திருமணத்திற்கு ஒரு சோடித் தோடு, பின்னொரு நாளில் ஒரு மூக்குத்தி என்று வாழ்நாளில் இரண்டு மூன்று முறை நடந்தால் பெரிது. ஆனால் அந்த இரண்டு மூன்று முறையும், மிளகளவே உள்ள கல்லுக்காகப் பல ஆண்டுச் சேமிப்பு கைமாறி விடுகிறது. சந்தையில் வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காய் வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம். வைரக் கடையில் மட்டும் நாற்காலியில் அமர்ந்து, கண்ணைப் பறிக்கும் விளக்கின் கீழ் கல் மின்னுவதைக் கண்டு, சொல்லப்படும் விலைக்குத் தலையாட்டி விடுகிறோம்.

முற்காலத்தவர் அப்படி இருக்கவில்லை. வைரத்தை எப்படிப் பார்ப்பது, எங்கே வைத்துப் பார்ப்பது, எதைத் தேடுவது என்பதைத் தனிக் கலையாகவே வளர்த்தார்கள். அந்தக் கலையின் வரலாற்றை இன்று சிறிது காண்போம். இவ்வரலாற்றில் அடிக்கடி தலைகாட்டும் செய்தி ஒன்று உண்டு. கல் மாறுவதில்லை, அதைப் பார்க்கும் வெளிச்சம் மாறுகிறது. அந்த வெளிச்சத்தைத் தேர்ந்தெடுப்பவர் விற்பவரா, வாங்குபவரா என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டுகிறேன்.

முதலில் பழைய மதுரைக்குச் செல்வோம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரை வீதிகளைச் சுற்றிப் பார்க்கிறான். மணிகள் விற்கும் வீதியை வருணிக்க வந்த இளங்கோவடிகள், வைரத்தின் ஒளியைச் சொல்லுமுன் அதற்கு இருக்கக்கூடாத குற்றங்களைச் சொல்கிறார். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என அவை நான்கு. காக்கையின் கால் போலக் கிளைத்துச் செல்லும் கீற்று காகபாதம். கறை படிந்தது போன்ற மங்கல் களங்கம். புள்ளி விழுந்திருப்பது விந்து. கோடு ஓடியிருப்பது ஏகை. இன்று ஆய்வுக்கூடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு ஒருவர் வைரத்துக்குள் தேடுவனவும் பெரும்பாலும் இவையே. உள்வெடிப்பு, மேகம் போன்ற மங்கல், புள்ளி, கல் வளர்ந்தபோது ஏற்பட்ட கோடு. பெயர்கள் மாறினவே தவிரத் தேடும் பொருள்கள் மாறவில்லை.

அதே காப்பியத்தில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. மணியின் குற்றம் காணத் தெரிந்தவர்கள் ஒரு வீதி நிறைய இருந்த அதே மதுரையில்தான் கோவலன் கொலையுண்டான். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தவை முத்துப் பரல்கள். அரசன் ஆணையிடுமுன் சிலம்பை உடைத்துப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை. பார்த்தது பிறகுதான். பார்க்கத் தெரிந்தவர் ஊரில் இருந்தால் மட்டும் போதாது. முடிவெடுக்குமுன் பார்க்க வேண்டும்.

வடநாட்டிலும் இக்கலை தழைத்திருந்தது. கௌடலியரின் அர்த்தசாத்திரம் அரசனது கருவூலத்துக்கு வரும் மணிகளை எவ்வாறு சோதிப்பது என்று கூறும்போது வைரத்தையும் குறிப்பிடுகிறது. பருமனும் கனமும் உடையது, ஒழுங்கான முனைகள் உடையது, பாத்திரத்தில் கீறல் போடக்கூடியது, ஒளிவிடுவது ஆகியவை நல்ல வைரத்தின் இலக்கணம். முனை அழிந்ததும், விளிம்பு இல்லாததும், ஒருபக்கம் சாய்ந்ததும் விலக்கத்தக்கவை. பின்வந்த இரத்தின நூல்கள் நல்ல வைரத்துக்கு ஆறு முனை, எட்டு முகம், பன்னிரண்டு விளிம்பு என்று கணக்கே தந்தன.

இந்தக் கணக்கு கற்பனையன்று. பட்டை தீட்டாத வைரம் பெரும்பாலும் இயற்கையிலேயே எண்முக வடிவத்தில் கிடைக்கிறது. நாற்பக்கக் கோபுரம் இரண்டை அடியோடு அடி சேர்த்து ஒட்டியது போன்ற வடிவம் அது. எண்ணிப் பார்த்தால் முனை ஆறு, முகம் எட்டு, விளிம்பு பன்னிரண்டு. ஆற்று மணலில் வைரத்தைப் போலவே பளபளக்கும் படிகக்கல்லுக்கு இந்த வடிவம் கிடையாது. ஆகவே முனைகளை எண்ணுவது அக்காலத்தில் ஏமாறாமல் இருப்பதற்கான நல்ல வழியாக இருந்தது.

ஆனாலும் பழையன யாவும் உண்மையல்ல. நீரில் மிதக்கும் வைரம் உயர்ந்தது என்று வராகமிகிரரின் பிருகத் சம்கிதை கூறுகிறது. வைரம் தண்ணீரைவிட மூன்றரை மடங்கு கனமானது, அது மிதக்காது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, வைரத்தைப் பட்டறைக்கல்லில் வைத்துச் சுத்தியால் அடித்தால் சுத்தியே உடையும் என்று எழுதி வைத்தார். இது ஆபத்தான தவறு. உரசலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. வைரத்தை வேறு எந்த இயற்கை மணியும் கீற முடியாது என்பது உண்மை. ஆனால் அதற்குள் நான்கு திசைகளில் பிளவுபடும் தளங்கள் இருக்கின்றன. அத்தளத்தின் வழியே ஓர் அடி விழுந்தால் அது பிளந்துபோகும். எனவே சுத்தியால் அடித்துச் சோதித்தால், உண்மையான வைரமே கையில் தூளாகும்.

இனி கோல்கொண்டாவுக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேசில் நாட்டில் வைரம் கண்டெடுக்கப்படும் வரை, உலகச் சந்தைக்கு வந்த வைரங்களில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து சென்றவையே. நமக்கு அருகிலுள்ள போர்னியோத் தீவிலிருந்தும் சிறிதளவு சென்றது. இந்திய வைரங்களைத் தேடிப் பலமுறை பயணம் செய்தவர் ழான் பாப்திஸ்து தாவர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர். 1676-இல் வெளிவந்த அவருடைய பயண நூல், சுரங்கங்களில் கண்ட வழக்கங்களை விரிவாகச் சொல்கிறது.

ஐரோப்பாவில் பட்டை தீட்டாத கல்லைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள்; இந்தியாவிலோ இரவில் பார்க்கிறார்கள் என்று அவர் வியந்து எழுதுகிறார். சுவரில் ஓரடிச் சதுரத்தில் ஒரு பிறை குடைந்து, அதில் பெரிய திரி போட்ட விளக்கை ஏற்றி வைப்பார்களாம். கல்லை விரல்களுக்கு இடையே பிடித்து, அவ்விளக்கொளியில் அதன் நீரோட்டத்தையும் தெளிவையும் கணிப்பார்களாம். சுற்றிலும் இருள், ஒரே இடத்திலிருந்து வரும் ஒளி. இந்த ஏற்பாட்டில் கல்லின் உள்ளே உள்ள கீற்று தப்ப முடியாது.

ஆனால் விளக்கொளி எல்லாவற்றையும் காட்டாது. வானத்தின் நிறம் போன்ற நீலச் சாயல் உள்ள கல்லை அக்கால வணிகர்கள் மிகத் தாழ்ந்ததாகக் கருதினர். அச்சாயலைக் கண்டுபிடிக்கத் தாவர்னியே தவறாத வழி ஒன்றைச் சொல்கிறார். கல்லை அடர்ந்த இலைகளுள்ள மரத்தடிக்குக் கொண்டு செல்ல வேண்டும். அந்தப் பச்சை நிழலில் நீலம் தானே வெளிப்பட்டுவிடும். ஆக, ஒரே கல்லுக்கு இரண்டு வெளிச்சங்கள். கீற்றுக்கு விளக்கு, நிறத்துக்கு மரநிழல்.

அங்கே அவரைக் கவர்ந்த மற்றொரு காட்சி சிறுவர்களின் வாணிகம். பத்து வயது முதல் பதினைந்து பதினாறு வயது வரையுள்ள வணிகர் வீட்டுப் பிள்ளைகள், காலையில் ஊர்ச் சதுக்கத்தில் ஒரு மரத்தடியில் வந்து அமர்வார்கள். ஒவ்வொருவரிடமும் எடைக்கல் வைத்த சிறு பை ஒரு பக்கமும், பணப்பை மறுபக்கமும் தொங்கும். யாரேனும் கல் கொண்டுவந்தால் அவர்களில் மூத்தவன் கையில் கொடுப்பார்கள். அவன் பார்த்து அடுத்தவனிடம் கொடுப்பான். அப்படியே கை மாறி, ஒருவரும் வாய் திறவாமல், கல் மூத்தவனிடமே திரும்பி வரும். பிறகுதான் விலை பேசுவார்கள். ஒருவன் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவன் கண்ணுக்குப் படும். பேச்சு இல்லாததால் ஒருவன் கருத்து மற்றவனைச் சாய்க்காது. இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும்?

பெரியவர்கள் விலை பேசும் முறையும் சுவையானது. வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிரே அமர்ந்து, இடுப்புத் துணியால் கைகளை மூடிக்கொள்வார்கள். முழுக் கையைப் பிடித்தால் ஆயிரம்; ஐந்து விரலைப் பிடித்தால் ஐந்நூறு; ஒரு விரல் நூறு; நடுக் கணு வரை பிடித்தால் ஐம்பது; விரல் நுனி பத்து. சுற்றிலும் ஆள்கள் இருந்தும் ஒருவருக்கும் விலை தெரியாது.

அதே நூல் பட்டை தீட்டுவோரின் தந்திரத்தையும் வெளியிடுகிறது. குற்றமற்ற கல் என்றால் அதன் இயற்கைப் பக்கங்களை லேசாகத் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள், எடை குறையக்கூடாது என்பதற்காக. உள்ளே கீற்றோ புள்ளியோ இருந்தால் மட்டும் கல் முழுவதும் பட்டைகளை வெட்டி, அந்த மினுக்கலில் குற்றத்தை மறைத்துவிடுவார்கள். பட்டை கூடியிருந்தால் ஏன் கூடியது என்று கேட்டான் அக்கால வணிகன். இன்று எல்லா வைரங்களும் பட்டை நிறைந்தே வருவதால் அந்தக் கேள்வி நமக்கு மறந்துவிட்டது.

எடையைப் பற்றியும் ஒரு சொல். கோல்கொண்டாச் சுரங்கங்களில் வைரத்தை நிறுத்த அளவை ஐரோப்பியர் 'மாங்கெலின்' என்று எழுதினர். அது மஞ்சாடி என்னும் நம் சொல்லோடு தொடர்புடையது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சாகா மரத்தடியில் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் செக்கச்சிவந்த விதையே மஞ்சாடி. தாவர்னியேயின் கணக்கில் ஒரு மாங்கெலின் ஒன்றே காலே அரைக்கால் காரட். காரட் என்பதும் மேற்கே விளையும் ஒரு மரத்தின் விதைப் பெயரிலிருந்து வந்ததே. ஊருக்கு ஊர் வேறுபட்டு வந்த காரட் எடை, 1907-இல்தான் இருநூறு மில்லிகிராம் என்று உலகப் பொது அளவாக வகுக்கப்பட்டது.

இப்போது சென்னைக்கு வருவோம். 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் தாமஸ் பிட். 1701-ஆம் ஆண்டின் இறுதியில் ஜாம்சந்து என்னும் இந்திய வணிகர் அவரிடம் ஏறத்தாழ 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரம் ஒன்றைக் கொண்டுவந்தார். கேட்ட விலை இரண்டு இலட்சம் வராகன். பிட் ஆசைப்பட்டார், ஆயினும் அவசரப்படவில்லை. கல்லின் மாதிரி ஒன்றை இலண்டனுக்கு அனுப்பி, அதனோடு தாம் கண்டதையும் எழுதினார். நீரோட்டம் மிகத் தெளிவு. ஒரு முனையில் மட்டும் ஒன்றிரண்டு சிறு கீற்றுகள் உண்டு. அவை மேற்பரப்பிலேயே இருப்பதால் பட்டை தீட்டும்போது போய்விடும் என்பது அவர் கணிப்பு. பேரம் பல வாரம் நீண்டது. 1702-இல் 48,000 வராகனுக்குக் கல் கைமாறியது.

இலண்டனில் பட்டை தீட்டியபோது அக்கல்லில் மூன்றில் இரு பங்கு தேய்ந்துபோய், 140 காரட் அளவே எஞ்சியது. ஆனால் எஞ்சிய கல் ஈடு இணையற்றதாக இருந்தது. 1717-இல் பிரான்சு நாட்டின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த ஆர்லியன்சுக் கோமகன் அதை 135,000 பவுனுக்கு வாங்கினார். இன்றும் பாரிசிலுள்ள லூவர் அரும்பொருளகத்தின் சேகரிப்பில் 'ரீஜென்ட்' என்னும் பெயரோடு அது இருக்கிறது. இந்தத் தாமஸ் பிட்டின் கொள்ளுப்பேரனே, பினாங்கு பிரிட்டிஷார் கைக்குச் சென்ற 1786-இல் பிரிட்டனின் பிரதமராக இருந்த வில்லியம் பிட். இன்று மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை என வழங்கும் பினாங்குச் சாலை, நெடுங்காலம் பிட் சாலை என்று அவர் பெயரில் வழங்கியதை மூத்த நேயர்கள் அறிவீர்கள்.

பின்னர் 1867-இல் தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைத்தது. அங்குள்ள ஜாகர்ஸ்பான்டைன் சுரங்கத்தின் கற்களில் சில பகலொளியில் நீலச் சாயலோடு ஒளிர்ந்தன. நம் பாட்டிமார் 'ப்ளூ ஜாகர்' என்று பெருமையோடு சொல்லும் தோட்டுக் கற்களின் பெயர் அச்சுரங்கத்திலிருந்து வந்ததே. கோல்கொண்டா வணிகர் நீலச் சாயலைக் கடைத்தரமாக ஒதுக்கினர். இருநூறு ஆண்டு கழித்து நம் வீடுகளில் அதுவே முதல் தரமாயிற்று!

இதன் காரணத்தை இன்று அறிவியல் விளக்குகிறது. சில வைரங்கள் புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிர்கின்றன. சூரிய வெளிச்சத்தில் அக்கதிர் இருப்பதால், கல்லில் இயல்பாக உள்ள மஞ்சள் சாயல் பகலில் மறைந்து கல் வெண்மையாகத் தோன்றும். அக்கதிர் குறைந்த விளக்கொளியில் மஞ்சள் தலைகாட்டும். நீலமாக ஒளிர்வது குற்றமென்று சொல்வதற்கில்லை. நல்ல கற்களிலும் அது உண்டு. ஆனால் ஒரே வெளிச்சத்தில் பார்த்து விலை கொடுப்பவர், மற்ற வெளிச்சத்தில் தெரியப்போவதை அறியாமலே வாங்குகிறார்.

கல்லின் அடிப்பக்கமும் இவ்வாறே கவனிக்கத்தக்கது. இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினி, வைரத்தின் அடியில் சாயம் வைத்து அதன் அழகைக் கூட்டும் முறைகளை 1568-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். நம் பழைய நகைகளிலும் கல்லின் பின்புறத்தைப் பொன்னால் மூடிக் கட்டும் வழக்கம் இருந்தது. அது கல்லுக்குப் பாதுகாப்பு. ஆனால் பார்ப்பவருக்குத் திரை.

போலிக் கற்களுக்கும் நீண்ட வரலாறு உண்டு. இலங்கையின் மாத்தறைப் பகுதியில் கிடைக்கும் நிறமற்ற சிர்கான் கல், 'மாத்தறை வைரம்' என்றே விற்கப்பட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் சிர்கானின் பின்பக்க விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரியும்; வைரத்தில் அப்படித் தெரியாது. 1976 முதல் கியூபிக் சிர்கோனியா என்னும் செயற்கைக் கல் சந்தைக்கு வந்தது. அதே அளவுள்ள வைரத்தைவிட அது ஒன்றரை மடங்குக்கும் மேலாகக் கனக்கும். ஆகவே நகையில் பதிக்காத கல்லாக இருந்தால் தராசே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வைரம் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவதால், வெப்பம் பார்க்கும் கருவியும் கடைகளுக்கு வந்தது. 1998-இல் நகைச் சந்தைக்கு வந்த மாய்சனைட் என்னும் செயற்கைக் கல் அக்கருவியையே ஏமாற்றிவிட்டது.

தரத்தைச் சொல்லும் முறையிலும் ஒழுங்கு தேவைப்பட்டது. ஒரு கடையில் 'முதல் நீர்' எனப்பட்டது இன்னொரு கடையில் வேறாக இருந்தது. 1931-இல் நிறுவப்பட்ட அமெரிக்க இரத்தினக்கல் கழகம், 1953-இல் நிறத்துக்கும் தெளிவுக்கும் படிநிலைகளை வகுத்தது. அதில் முக்கியமான ஒன்று, நிறம் பார்க்கும் வெளிச்சமும் பார்க்கும் விதமும் எல்லாக் கல்லுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. வெண்மையான தட்டில் கல்லைக் கவிழ்த்து, பகலொளியை ஒத்த விளக்கில், அடிப்பக்கம் வழியாகப் பார்ப்பார்கள். மேற்புற மினுக்கல் அங்கே நிறத்தை மறைக்க முடியாது.

நம் காலத்தில் இவ்வரலாறு புதிய திருப்பத்தை அடைந்திருக்கிறது. 1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வைரம் செயற்கையாக உருவாக்கப்பட்டது. 1970-இல் நகைக்கு ஏற்ற தரத்திலும் உருவாயிற்று. இன்று ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட வைரம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அது போலியன்று; பொருளால் வைரமே. ஆனால் அதன் விலை, நிலத்தில் கிடைத்த வைரத்தின் விலையைவிட மிகக் குறைவு. இரண்டையும் கண்ணாலோ கைக்கண்ணாடியாலோ வேறுபடுத்த இயலாது. கல் வளர்ந்த விதத்தை ஆராயும் சிறப்புக் கருவிகளே பிரித்துச் சொல்லும். மரத்தடியில் அமர்ந்த அந்தச் சிறுவர்கள் அனைவரும் சேர்ந்து பார்த்தாலும் இதில் தோற்றுப்போவார்கள்.

அப்படியானால் பழைய கலை பயனற்றதாகி விட்டதா? இல்லை. எந்தக் கல் என்பதை ஆய்வுக்கூடம் சொல்லட்டும். அந்தக் கல்லுக்கு நாம் கொடுக்கும் விலை தகுமா என்பதை நாமே பார்க்க வேண்டும். கூடுமானால் நகையில் பதிக்குமுன் கல்லைத் தனியே பாருங்கள். துடைத்துவிட்டு, வெள்ளைத் தாளை மடித்து அதில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். கடையின் கூர்விளக்கை விட்டு, வாசல் பக்கம் பகலொளியில் பாருங்கள். பிறகு சாதாரண விளக்கிலும் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக் காகபாதம் உண்டா என்று தேடுங்கள். எடையை உங்கள் முன் நிறுக்கச் சொல்லுங்கள். சான்றிதழ் தந்தால், கல்லின் இடைவிளிம்பில் எண் பொறித்திருக்கிறதா, அது தாளிலுள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். நிலத்தில் கிடைத்ததா, வளர்க்கப்பட்டதா என்பதை விலைச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நம்மவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வைரத்தை உடனே வாங்காமல், சில நாள் வீட்டில் வைத்திருந்து ராசி பார்ப்பார்கள். கல்லுக்கு ராசி உண்டா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் அந்தச் சில நாள்களில் அக்கல் காலை வெயிலிலும் மாலை மங்கலிலும் வீட்டு விளக்கிலும் பார்க்கப்பட்டது. வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். விற்பவர் அருகில் இல்லை; அவர் பேச்சும் இல்லை. வெளிச்சமும் நேரமும் வாங்குபவர் கையில் இருந்தன. அடுத்த முறை வைரக் கடைக்குச் செல்லும்போது அந்த இரண்டையும் உடன் கொண்டு செல்லுங்கள். நல்ல கல்லை விற்பவர் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.